ஆட்சேபணை வக்கீல் டெல்லிக்குப் போன கதை

திருநெல்வேலி ஜில்லாவில் அந்த நாளில் நடந்த எல்லாவற்றையும் ஆட்சேபித்த ஒரே மனிதர் எங்கள் வக்கீல்தான். சித்திரை மாதத்தில் சூரியனைக்கூட விட்டுவைத்ததில்லை. ஆட்சேபணை வக்கீல் என்றால்தான் ஊரில் தெரியும். நான் அவரிடம் ஜூனியர்.

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் ஒரு நாள் ஜட்ஜ் துரை எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்து, "ஆட்சேபிக்கிறேன்!" என்றார்.

"உங்கள் பக்கம்தானே ஐயா தீர்ப்பு?"

"தீர்ப்பு சரி. சொன்ன காரணம் தப்பு."

துரை சாப்பிடப் போய்த் திரும்பியபோதும் இவர் பேசிக்கொண்டிருந்தார்.

டெல்லி சட்டசபைக்கு அவர் அங்கத்தினர் ஆவதற்குப் பெரிதும் பாடுபட்டவர்கள் எதிர்த்தரப்பு வக்கீல்கள். சென்னை வரை போய் ஆதரவு திரட்டினார்கள். தேசபக்தியெல்லாம் இல்லை. அவர் டெல்லியில் இருந்தால் இங்கே வழக்குகள் முடியும் என்ற நப்பாசை.

புறப்படும் சமயத்தில் சீவலப்பேரியிலிருந்து சுடலைமுத்து என்ற விவசாயி வந்தார். வெள்ளத்தில் வாய்க்கால் உடைந்து கிடந்தது. சர்க்காரில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"டெல்லியில சொல்லி அந்த உடைப்ப அடைச்சுத் தாங்கய்யா. பயிரு காயுது."

"வைசிராய் காதுல போட்டுட்டுத்தாம்வே மறுவேலை!" என்றார் இவர்.

நானும் கூடப் போனேன். சபையில் இவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, 'சீவலப்பேரி' என்று ஆரம்பித்தார். சபைத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது மாகாண சர்க்கார் விஷயம். உட்காருங்கள்."

உட்கார்ந்துவிட்டார்! பார்வையாளர் மாடத்திலிருந்து நான் கீழே விழாதது ஆச்சரியம்.

ரயிலில் திரும்பினோம். காப்பி ஆறியிருந்ததைக்கூட அவர் ஆட்சேபிக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

திருநெல்வேலி ஸ்டேஷனில் மேளம், மாலை, பந்தல். டெல்லியையே கிடுகிடுக்க வைத்த சிங்கம் என்று ஒருவர் வரவேற்புரை வாசித்தார். கூட்டத்திலிருந்து சுடலைமுத்து கேட்டார்: "வாய்க்கா என்னாச்சுய்யா?"

"ஏலே, சும்மா கெட!" என்று வரவேற்புக் கமிட்டியார் பாய்ந்தார்கள்.

"அவர விடுங்கவே" என்றார் வக்கீல். மாலையைக் கழற்றினார். "கேட்டேன், சுடல. உக்காரச் சொன்னாவ. உக்காந்துட்டேன்."

மேளக்காரருக்கு அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, டெல்லிக்குத் தைத்த கறுப்புக் கோட்டோடு சீவலப்பேரிக்குப் போய், உடைப்பில் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றுவிட்டார். சட்டசபை அங்கத்தினர் சேற்றில் நிற்கிறார் என்ற செய்தி சர்க்கார் இன்ஜினீயரை மாட்டு வண்டியில் விரட்டிக்கொண்டு வந்தது.

"மேல ஏறுங்கய்யா, ஆபீஸ்ல வச்சுப் பேசிக்கிடலாம்."

"ஆட்சேபிக்கிறேன்! நீரு இறங்கி வாரும்வே."

இன்ஜினீயர் இறங்கினார். அவருடைய பூட்ஸ் சேற்றோடு போயிற்று. இருவரையும் கயிறு கட்டித்தான் கரையேற்றினோம். சில நாளிலேயே வேலை தொடங்கி, பிசானப் பருவ நெற்பயிருக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த தேர்தலிலும் டெல்லிக்கு நிற்கச் சொன்னார்கள். "அங்கன நாற்காலி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் உக்காரத் தெரியல" என்று மறுத்துவிட்டார்.

அவரிடம் இருந்த காலம் முழுவதும் நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. எடுத்தால், அன்றைக்கு அவர் செய்ததை வேறொருவர் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கும். அது எனக்குப் பிடிக்காது.