எரியாத நாடா எரிந்த விபரம்

தெமோதரை
1923 ஐப்பசி 6

பதுளைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் மைத்துனர் தம்பையாவுக்கு, தோட்டத்து ராமாமிர்தம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உமது அக்காள் அங்கம்மாவும் சுகம். என் இடது மீசை மாத்திரம் சுகமில்லை. அதற்குக் காரணம் நீர்.

சென்ற மாதம் தேயிலை ஃபேக்டரியின் நீராவிக் குழாயில் சுற்றுவதற்காக உமது கடையில் கல்நார் நாடா பத்து கெஜம் வாங்கினேன். "எந்தத் தீயிலயும் எரியாது மச்சான்" என்று ஒரு துண்டை மெழுகுவர்த்தியில் பிடித்துக் காட்டினீர். நான் ஒரு வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அது கருகவுமில்லை. நம்பினேன். இருபத்திரண்டு வருஷம் பாய்லரைப் பார்த்தவன், வாத்தியார் வைக்காமலே இங்கிலீஷ் எழுத்துக் கற்றவன், நம்பினேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. வழக்கப்படி எல்லா யந்திரங்களையும் கழுவி, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்தோம். புதிதாக வந்த நாடாவை மட்டும் தள்ளிவைப்பது முறையா? விறைப்பாக வேறு கிடந்தது. ஒரு போத்தல் நல்லெண்ணெயைக் குடித்தது. என் பக்தி உமக்குத் தெரியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் காலை எங்கள் தோட்டத்துத் துரை, நாடாவைக் காட்டுவதற்காகப் பசறைத் தோட்டத்துத் துரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாடாவைச் சுற்றிய குழாய், பாய்லர் அடுப்பின் வாய்க்கு மேலாகப் போகிறது. "பாருங்க தொரை, இது எரியாதுங்க" என்று சொல்லி அடுப்புக் கதவைத் திறந்தேன். தீ இந்த முனையில் ஏறி அந்த முனைவரை ஓடியது. ரெங்கசாமிக் கங்காணி, "என்னாண்ணே, இந்த வருசம் கார்த்திகை முந்திக்கிருச்சா?" என்றான். தலைப்பாகையைக் கழற்றி அடித்தேன். தலைப்பாகை போயிற்று, பாதி மீசையும் போயிற்று. அப்புறம் தீ தானாகவே அணைந்தது.

துரை பாய்லர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் என்னுடையது என்றால் சாவி ரெங்கசாமியின் மருமகனுக்கு. எனக்குக் கொழுந்து நிறுக்கும் தராசு.

வீட்டில் உமது அக்காள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "நாடா எங்கங்க எரிஞ்சுச்சு? நீங்க ஊத்துன எண்ணெயில்ல எரிஞ்சுச்சு!"

"தம்பி கடைச் சரக்குன்னதும் வக்காலத்துக்கு வந்துட்டியா?"

"மீசைக்கும் எண்ணெய் தடவியிருந்தீங்கல்ல?"

மிச்சமிருக்கும் வலது மீசையை முறுக்கிவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, "நாடா பழுதான சரக்கு" என்று உம் கைப்பட எழுதி, திங்கட்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பும். தவறினால் உமது கடைப் படியை மிதிக்கமாட்டேன். கதிர்காமத்து வேலன் உமது பிள்ளைகளையும் என் வலது மீசையையும் காப்பானாக.

இப்படிக்கு,
குற்றமற்ற ராமாமிர்தம்

பின்குறிப்பு: சாட்சிக்காக அந்த நாடாவில் ஒரு முழம் வெட்டி, கடிதத்தைச் சுற்றிக் கட்டி உறைக்குள் வைத்திருக்கிறேன். நேற்று உமது அக்காள் அதை அடுப்புத் தணலில் போட்டாள். வெள்ளை வெளேரென்று புதுசாக வெளியே வந்தது. திரும்பவும் விறைத்துப்போனதால், முடிச்சு இலேசாக அவிழட்டும் என்று நல்லெண்ணெய் தடவியிருக்கிறேன். விளக்கின் அருகில் வைத்துப் பிரிக்கவேண்டாம். இதை உறையின் மேலேயே எழுதியிருப்பேன். ஆனால் தபால் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, துரை படித்துவிடுவார்.