சூளை அளவில் நான்கு சக்கரங்கள்

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

தங்கை செல்வநாயகி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் அப்படித்தான் சொல்கிறது, அதோடு எனக்கு வழக்கில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் 'அண்ணா' என்று ஆரம்பிப்பதற்குள் திட்டக்குடியில் மழை பெய்தது, ஏரியில் தண்ணீர் ஏறியது, அண்ணிக்கு முழங்கால் வலி எல்லாவற்றையும் சொல்லி முடித்து 'சரிம்மா, வச்சிடறேன்' என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். நான் டிசைன் செய்த அலாய் சக்கரங்களை உங்கள் காரில்தான் முதலில் மாட்டப்போகிறோம் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என அண்ணி சொன்னார். அதை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரில் பாலிடெக்னிக் நடத்தும் உங்கள் நண்பர் பழமலைநாதன் ஐயாவைப் பார்த்து, போன வருஷம் நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மெக்கானிக்கல் டிராயிங் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நான் வருகிறேன். அதே வகுப்பு, அதே கரும்பலகை, மழைக்காலத்தில் ஒழுகும் அதே மூலை எல்லாம் எனக்குச் சம்மதம்.

வேலையை விட்டபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "சக்கரத்துல என்னாம்மா டிசைனு? உருண்டையா இருந்தா போதாதா? ஒனக்கு காரே ஓட்டத் தெரியாதே!" என்றீர்கள். அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்வதில் பயனில்லை, ஆனாலும் சொல்கிறேன். சக்கரத்தின் வெளிவட்டத்தில் யாரும் கைவைக்க முடியாது, அது உருண்டையாகத்தான் இருக்கும். டிசைன் செய்பவருக்கு மிஞ்சுவது நடுவில் இருக்கும் ஆரக்கால்கள் மட்டும். காரின் கனம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. ஆரக்கால் தடித்தால் மாட்டு வண்டி மாதிரி இருக்கும், மெலிந்தால் முதல் பள்ளத்திலேயே விரிசல் விடும். பயத்துக்கும் அழகுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. இத்தனை வருஷம் மற்றவர்கள் வரைந்ததையே பிள்ளைகளுக்கு வரைந்து காட்டிய எனக்கு, அந்த இரண்டு மில்லிமீட்டர் போதும் என்று தோன்றியது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு பெண்ணுக்கு அதுகூடத் தோன்றக்கூடாதா அண்ணா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சக்கரக் கம்பெனி ஒன்று வெளியாட்களிடம் டிசைன் கேட்டதும், நுனியில் லேசாக முறுக்கிய ஏழு ஆரக்கால் வைத்து நான் அனுப்பியதும், அவர்களுக்குப் பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்தி இல்லாமல், உருவமாகக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுதான் தெரியாது. உங்கள் மாப்பிள்ளைக்கு அந்த ஆசை காதில் விழுந்ததும், "நம்மகிட்டயே சூளை இருக்குது, நீ எதுக்கு மெட்ராஸுக்கு அலையற? நான் பீங்கான்ல பண்ணித் தரேன்" என்றார். அவர் பட்டறையில் இதுவரை ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஆனாலும் ஆசையாகச் செய்தார், அதை மறுக்கமாட்டேன். அச்சு எடுத்து, களிமண் பால் ஊற்றி, காயவைத்து, சூளையில் வைத்து, ஒருநாள் சாயங்காலம் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால் பதினாறு இஞ்ச் சக்கரம் பதினாலு இஞ்ச்தான் இருக்கிறது.

"ஏங்க, சின்னதா இருக்குதே?" என்றேன்.

"சூளைக்குப் போனா சுருங்கத்தான செய்யும்? மண்ணுல இருக்கிற தண்ணி எங்க போவும்?"

"அதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"இதைக்கூடவா சொல்லுவாங்க? நீ இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு எத்தினி வருஷம் ஆவுது!"

இந்த ஊரில் பீங்கான்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை அண்ணா. வேண்டிய அளவைவிடப் பெரிதாகச் செய்துவிட்டு, பாக்கியைச் சூளை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படியே டிராயிங்கில் எல்லா அளவையும் அதே விகிதத்தில் பெருக்கி, 'சூளைக்கு' என்று தனியாக ஒரு ஃபைல் போட்டுக்கொடுத்தேன். இரண்டாவது சக்கரம் சரியாகச் சுருங்கி, பளபளவென்று வந்தது. என் மாமியார் கொளஞ்சியம்மாள் மட்டும் ஆரக்காலை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்ம கோயில்ல கோபுரம் அஞ்சு, குளம் அஞ்சு, தேரு அஞ்சு. நீ எதுக்கு ஏழு போட்ட?" என்று கேட்டார். அந்தப் பீங்கான் சக்கரத்தை போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். டிசைன் மேனேஜர் அன்றைக்கே கூப்பிட்டு, "பிரமாதம் மேடம், ஃபைல் அனுப்புங்க, நாலு சக்கரம் வெட்டி அனுப்பறோம், ஒரு காருல மாட்டி ரிவ்யூவுக்குக் கொண்டு வாங்க" என்றார். சந்தோஷத்தில் அந்த நிமிஷமே ஃபைல் அனுப்பினேன். எந்த ஃபைலை அனுப்பியிருப்பேன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

நேற்று முன்தினம் நான்கு பெட்டிகள் வந்தன. அலுமினியம், வெள்ளி மாதிரி மின்னியது. பெட்டியைப் பிரித்தபோதே கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் ஆசைப்பட்ட பொருள் கைக்கு வரும்போது பெரிதாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் வருவதற்குள் டயரை ஏற்றி வைத்துவிடலாம் என்று, ஜங்ஷன் ரோட்டில் தங்கராசு வைத்திருக்கும் டயர் கடைக்கு நான்கையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தங்கராசுவின் தம்பி என்னிடம் படித்தவன் என்பதால் கடையில் எனக்கு நாற்காலி போட்டு டீயும் வாங்கி வைத்தார்கள். தங்கராசு பதினாறு இஞ்ச் டயரை எடுத்து சக்கரத்தின் மேல் வைத்தான். எழுந்து நின்று பார்த்தான். பதினேழு வைத்தான். பதினெட்டு வைத்தான். மிஷினில் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"மேடம், பதினெட்டும் ஏற மாட்டேங்குது. பத்தொம்போது போட்டா உள்ள நாயி பூந்து வெளிய வந்துடும். இதுக்கு ஒத்து வர்ற டயரை எவனாவது இனிமேதான் பெத்துப் போடணும்" என்றான்.

அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் சோப்புத் தண்ணீர் போடச் சொன்னார். இன்னொருவர் அரத்தால் சுற்றிலும் ராவச் சொன்னார். மூன்றாமவர் பேசாமல் சுத்தியலைத் தேடினார். சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்கு டயரே தேவையில்ல. இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டிப்புட்டா கரும்பு வண்டிக்கு அம்சமா இருக்கும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே விலை விசாரித்தார். என் டிசைனை மனமாரப் பாராட்டிய முதல் வாடிக்கையாளர் அவர்தான். நான் டேப்பை வாங்கி ஆரக்காலை அளந்தேன், நடுத் துளையை அளந்தேன், நட்டுத் துளைகளுக்கு நடுவே அளந்தேன். எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிது. ஒரு அளவுகூடத் தவறவில்லை அண்ணா. என் வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமாக எதையும் நான் செய்ததே இல்லை. காற்றடிக்கும் கம்ப்ரஸர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போயிற்று.

விஷயத்தைச் சொன்னதும் உங்கள் மாப்பிள்ளை ஆதிநாராயணன் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு முகம் தெளிந்து, "கவலைப்படாத செல்வி. நாலையும் நம்ம சூளையில வச்சி எடுத்துடலாம். சுருங்கிடும்" என்றார்.

"அலுமினியம் சுருங்காதுங்க. உருகிடும்."

"பதமா எரிக்கச் சொல்றேன்."

"பதமா எரிச்சாலும் உருகித்தாங்க போகும்."

"எதைச் சொன்னாலும் ஆவாதுன்னே சொல்லு. ஒனக்கு எப்பவும் தன்னம்பிக்கையே கெடையாது" என்று கோபித்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். நான் காலையும் மாலையும் போய் சூளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இது போதாதென்று மாமியார் நேற்று மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் சன்னதியில் பிராது கட்டிவிட்டு வந்தார். நமக்கு அநியாயம் செய்தவர்மேல் சாமியிடம் எழுதிக்கொடுக்கும் பிராதுதான். கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றி அளவு தப்பான சரக்கைத் தள்ளிவிட்டான் என்பது அவர் முடிவு. எனக்காக வெயிலில் போய் வந்தாரே என்று கண் கலங்கி, மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

"எழுதித் தர்ற ஆளு யாரு மேல பிராதுன்னு கேட்டான். அந்தக் கம்பெனி பேரு என் வாயில நொழையல. பின்னாடி கூட்டம் வேற நெருக்குது. ஒன் பேரைச் சொல்லிட்டேன்."

"என் பேரா அத்தை?"

"நீதான அதுக்கு வேலை செய்யற? சாமி ஒன்னை விசாரிச்சா நீ கம்பெனி பேரைச் சொல்லிடு."

ஆகவே சாமி முன்னால் இப்போது நான் குற்றவாளி. வேடிக்கை என்னவென்றால், பிராதில் தவறு ஒன்றும் இல்லை. கெடுத்தது யார் என்று பார்த்தால் நான்தான். அவர் கவனக்குறைவாகச் சொன்ன பெயர் சரியான பெயர். இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் இதையும் மறைக்கவில்லை. மேனேஜர் நேற்று போன் செய்து, "மேடம், நாலும் வந்து சேர்ந்துச்சா? எப்படி இருக்குது?" என்று கேட்டார். நான், "ரொம்ப நல்லா இருக்குது சார்" என்றேன். பொய் இல்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. "அடுத்த வெள்ளிக்கிழமை ரிவ்யூ. நாலும் காருல மாட்டி ஓடி வரணும். அன்னைக்கு வரலைன்னா அந்த இடத்தை வேற டிசைனருக்குக் குடுத்துடுவாங்க, என் கையில இல்ல" என்றார். "வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், நான் இனி கம்பெனிக்குப் போகப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். அளவு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவள், ஃபைல் பெயரைப் படிக்காமல் அனுப்பினாள் என்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு பரிதாபம் வருமே, "பாவம், வூட்டுல இருக்கிற பொம்பள, ஏதோ ஆசைப்பட்டுச்சி" என்று, அதைத்தான் என்னால் கேட்க முடியாது. அதற்கு மங்களூர் கரும்பலகை மேல்.

அதனால் அண்ணா, பழமலைநாதன் ஐயாவை நாளைக்கே பாருங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி, உருண்டையாக இருந்தால் போதும். கம்ப்யூட்டரை மூடித் துணி போட்டுவிட்டேன். நான்கு சக்கரங்களையும் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தேன், அதுவும் கொள்ளவில்லை. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மாப்பிள்ளை உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார், என்னிடம் பேசுவதில்லை என்பதால் மாமியார் மூலமாகச் சொல்லியனுப்பினார். உங்களுக்கு இந்த ஊர்க் கோயில் சாமி பழமலைநாதர் நீண்ட ஆயுளையும் பொறுமையையும் கொடுக்கட்டும். பொறுமையைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் விட்டுவிட்ட
தங்கை செல்வநாயகி

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. பழமலைநாதன் ஐயாவைப் பார்க்க வேண்டாம். இந்தக் கடிதத்தைத் திட்டக்குடி பஸ்ஸில் கொடுத்தனுப்புவதற்கு முன், முறையாக விலகிக்கொள்கிறேன் என்று சொல்வதற்காக மேனேஜரைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கத்தான் செய்தார், நிறுத்தாமல் சிரித்தார். பரிதாபம் மட்டும் படவில்லை. சிரித்து முடித்து, "போன வருஷம் நாங்க இஞ்சுக்குப் பதிலா சென்டிமீட்டர்ல ஒண்ணு வெட்டினோம் மேடம், அதுல இப்ப பேனா போட்டு வச்சிருக்கறோம். சரியான ஃபைலை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க, புதன்கிழமைக்குள்ள வெட்டிடலாம்" என்றார். உடனே அனுப்பியிருக்கலாம். ஆனால் துணியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய டிராயிங்கைப் பார்த்தால், பெரிய சக்கரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆரக்கால் நுனி கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் இழைத்தால் போதும், பலம் குறையாது என்று கணக்குப் போட்டுவிட்டேன், ஏறக்குறைய போட்டுவிட்டேன். எனவே மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் காரோடு இங்கே வாருங்கள், என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விடலாம். கடைத்தெருவில் சொன்னதைத் திரும்ப வாங்கியிருந்தால் மறுபடியும் சொல்லிவிடுங்கள். ஒருவேளை வெள்ளிக்கிழமை அன்றைக்கும் சக்கரம் ஏறாவிட்டால், இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மேலே இருப்பதை மறுபடி படித்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை இவ்வளவு நீளமாக எழுத எனக்குத் தெம்பு இல்லை.