எலினரும் என் கத்தரிக்கோலும்

பொறாமைப்பட எனக்கு ஆளே தேவையில்லை. ஒரு பெயர் போதும். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் வீட்டுக்காரருக்கு ஓர் அதிகாரி பன்னிரண்டு பழைய படங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எருக்கலையில் வண்ணத்துப்பூச்சி, முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு என்று எல்லாம் கையால் தீட்டியவை. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ‘எலினர்’ என்று சரிவான எழுத்தில் ஒரு வெள்ளைக்காரியின் பெயர்.

எங்களுக்குக் கலியாணமாகி நாலு மாதம். அவர் வேலை முடிந்து வந்ததும் பூதக்கண்ணாடியோடு விறாந்தையில் உட்கார்ந்துவிடுவார்.

“இஞ்ச பார் ரஞ்சிதம், பூச்சியின்ர காலில இருக்கிற மயிரைக்கூட விடேல்லை. என்ன பொறுமை இந்தப் பிள்ளைக்கு.”

பிள்ளையாம்! (என் தலைமயிர் முழங்காலைத் தொடும். அதைப் பற்றி மனுசன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.)

பத்து நாள் வயிறெரிந்தேன். பதினோராம் நாள் அவர் வேலைக்குப் போனதும் பன்னிரண்டு பெயர்களையும் வெட்டி அடுப்பில் போட்டேன். பின்னேரம் அவர் கேட்டபோது, “பூச்சி அரிச்சுப்போட்டுது” என்றேன். அவர் கண் கலங்கினார். அவளுக்காகக் கலங்குகிறாரே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் நம்பியதோடு நின்றிருக்கலாம். மிச்சத்தையாவது காப்பாற்ற வழி கேட்டு, கொழும்பில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் அந்த மனிதர் நேரிலேயே வந்துவிட்டார்.

வந்தவர் தாள்களின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“கறையான் இவ்வளவு நேராத் தின்னாது. பன்னிரண்டிலயும் பெயரை மட்டும் திண்டிருக்கு. தங்கச்சி, நீங்கள் அந்தப் பூச்சியைக் கண்டனீங்களோ?”

“ஓம். கறுப்பு.”

“எத்தினை கால்?”

“நாலு.”

“பூச்சிக்கு ஆறு கால், தங்கச்சி.”

நான் அழத் தொடங்கினேன். “எந்த நேரமும் அவளின்ர கதைதான். என்னால ஏலாமப் போச்சு.”

வந்தவர் தொண்டையைச் செருமினார். “இந்தப் படங்கள் கீறி எண்பது வருசத்துக்கு மேல இருக்கும். அவ எப்பவோ செத்திருப்பா.”

என் வீட்டுக்காரர் படங்களை எடுத்து உள்ளே வைத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்து, சேலைகளைக்கூட மடித்து வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. கறுப்புப் பூச்சி, நாலு கால், வாய்க்குப் பதில் கத்தரிக்கோல், முழங்கால்வரை கூந்தல். அடியில் பென்சிலால் என் பெயர்.

இன்றும் வீட்டில் எது காணாமற்போனாலும், “நாலுகால் பூச்சி கொண்டுபோட்டுது” என்று பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எலினரின் படங்களை அவர் பார்த்ததோடு சரி, கீறியது என்னைத்தான்.