ஐயய்யோவும் பட்டாபிஷேக ரீலும்

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் அந்த நாளில் இருந்த கவலைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் எங்கள் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் ஒருவருடையதாகத்தான் இருக்கும். மீதியை மற்ற ஜனங்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் முதலில் 'ஐயய்யோ' வந்துவிடும், அதனால் அவர் ஐயய்யோ. முகத்துக்கு நேராகவே 'ஐயய்யோ அண்ணா' என்று கூப்பிடுவோம். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "ஐயய்யோ, இன்னாம்மா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

ஐம்பதுகளின் கடைசி அது. அல்சூர் பக்கம் இருந்த அந்தக் கொட்டகையில் பெண்கள் டிக்கெட் கவுண்டர் என்னுடையது. மர்பி டவுனிலிருந்து நடந்தே போவேன், ஐயய்யோ வீடும் அங்கேதான். எனக்கு வயது பத்தொன்பது, என் வாய்க்கு நாற்பத்தொன்பது.

ஐயய்யோவுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் நெருப்பு. வீட்டில் அடுப்பு எரிந்தால் இவர் வாசலில் நிற்பார். ஆனால் பிழைப்பு அதனோடுதான். அந்தக் காலத்து மெஷினில் இரண்டு கரிக்குச்சிகளை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில்தான் படம் ஓட்ட வேண்டும். அதனால் ஆபரேட்டர் அறைக்கு ஏறும் பதினான்கு படிகளிலும் படிக்கு ஒன்றாக மணல் வாளி வைத்திருந்தார். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால், ஓடி வருகிறவர்கள் வாளி தடுக்கி விழுந்தே செத்திருப்பார்கள். வேலை முடிந்து அல்சூர் ஏரி வரை போனவர், பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை என்று திரும்பி வருவார். பூட்டு சரியாகத்தான் இருக்கும். மறுபடி ஏரி வரை போவார், மறுபடி வருவார்.

இப்படிப்பட்ட மனுஷர் கையில் ராமாயணப் படம் வந்து சேர்ந்தது.

அதுவரை யாரும் கேள்விப்படாத செலவில் எடுத்த படம். முழுக்கக் கலர், நிஜ யானைகள், நிஜக் குதிரைகள். இலங்கையை ஒரு தடவை கட்டி எரித்து, எரிந்தது போதாது என்று மறுபடி கட்டி எரித்தார்களாம். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று அதே நடிகர்களை அதே செட்டில் நிறுத்தி, மாற்றி மாற்றி எடுத்த படம் அது. தமிழ் எங்களுக்கு, தெலுங்குப் படம் ஊரின் மறுபாதியான சிட்டி பக்கம் இன்னொரு கொட்டகைக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வினை இங்கேதான் உட்கார்ந்திருந்தது.

படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஐயய்யோ என் கவுண்டருக்கு வந்தார்.

"ஐயய்யோ, ரோசிம்மா, ஒரு ஒத்தாசை பண்ணணும். கனகா முத ஷோவுக்கே வர்றா."

கனகா அவர் மனைவி. ஏழு மாசம். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தது. ராமாயணம் கேட்டால் இந்தப் பிள்ளை தங்கும் என்று தெருப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள். ஆரம்பித்தால் பட்டாபிஷேகம் வரை கேட்டுவிட வேண்டும், சீதை கஷ்டத்தில் இருக்கும்போது பாதியில் எழுந்துவிடக் கூடாது. வீட்டில் புத்தகம் படித்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் கனகா சினிமாவில் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டாள்.

"கூட்டம் கொறஞ்சப்புறம் வரலாமே அண்ணா?"

"ஐயய்யோ! நாளானா பிலிமு கீறும், அறும், ஒட்டு போடணும். முத ஷோதான் சுத்தமா ஓடும். நீ அவ பக்கத்துலயே குந்திக்கோ. பட்டாபிஷேகம் ஆவற வரிக்கும் எழுந்துக்க வுடாத. எனக்கு நீதான் தொணை."

நான் வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவள். ராமாயணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிக்கெட் வாங்க வரும் பெண்கள் சொன்னதுதான். ஆனாலும் சரி என்றேன்.

பெட்டிகள் வந்த அன்று ரீல் ஒவ்வொன்றையும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டம் கட்டமாகப் பார்த்தார். எல்லாவற்றையும் மூன்று தடவை. பட்டாபிஷேகம் இருந்த கடைசி ரீலை மட்டும் ஐந்து தடவை. ஒரு கீறல் இல்லை, கிரீடத்தில் ஒரு கல்கூடக் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டினி. ஜனங்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பெண்கள் பெஞ்சு ஆபரேட்டர் அறைக்கு நேர் கீழே. அந்த அறையின் சின்ன ஜன்னலில் கண்ணாடி எப்போதோ உடைந்து போயிருந்தது, அதனால் அவர் இருமினால்கூட எங்களுக்குக் கேட்கும். ராமர் திரையில் வந்ததும் ஐந்தாறு பெண்கள் தட்டில் சூடம் கொளுத்திக்கொண்டு திரைக்கு ஓடினார்கள்.

"ஐயய்யோ! அம்மா! சூடம் வேணாம்மா! தெரை துணிம்மா, புடிச்சிக்கும்!"

இருட்டில், தலைக்கு மேலே, எங்கிருந்து என்று தெரியாமல் வந்த குரல். "அசரீரி!" என்று ஒரு அம்மாள் சூடத்தை அப்படியே அணைத்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டாள். அதற்குப் பிறகு யாரும் தீக்குச்சியைத் தொடவில்லை.

கனகா வயிற்றின் மேல் ஒரு கையும் என் மணிக்கட்டில் ஒரு கையுமாக உட்கார்ந்திருந்தாள். சீதையை ராவணன் தூக்கிப் போனபோது என் வளையல் இரண்டு உடைந்தன. அசோகவனத்தில் கரண்ட் குறைந்து படம் மங்கியதும், "அக்கா, நின்னுடுமா?" என்றாள். "நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். சீதைக்காக மாதாவிடம் மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளிச்சம் மறுபடி ஏறியது. எனக்கு ஜாக்கெட் நனைந்துவிட்டது.

ராவணன் விழுந்தான். விசில், பூ, காகிதத் துண்டுகள். கடைசி ரீல் ஆரம்பமாயிற்று. ராமர் திரும்பினார், வாயைத் திறந்தார், தெலுங்கு பேசினார்.

பிலிமைக் கண்ணால் ஐந்து தடவை பார்க்கலாம், காதால் பார்க்க முடியுமா? அதே நடிகர், அதே செட், அதே கிரீடம். பெட்டி கட்டியவர்கள் ரீலை மாற்றிப் போட்டிருந்தார்கள்.

"டேய், ராமரு ஆந்திராவுக்கு வண்டி ஏறிட்டாருடா!" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல். கொட்டகையில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். ஆனாலும் தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் இல்லையா, பெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சட்டென்று திரையில் பேச்சு நின்றது, மேலே ஐயய்யோ ஒலியை நிறுத்திவிட்டார். படம் மட்டும் ஓடியது. அப்போது படியில் வாளிகள் உருளும் ஓசை, தொடர்ந்து கன்னடக்கார மேனேஜரின் குரல், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

"ஏனய்யா ஆயித்து? ராமன் ஏன் தெலுங்கு பேசறான்? நிறுத்து! சிட்டிலேருந்து நம்ம ரீல் வர்ற வரிக்கும் லைட் போடு!"

"முடியாது சார்."

"என்னது?"

"சீதாம்மா இன்னும் இலங்கைலயே இருக்காங்க சார். இப்ப நிறுத்தக் கூடாது."

"நிறுத்தலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார்."

இந்தப் பேச்சு முழுக்க, திரையில் ராமரும் விபீஷணனும் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அம்மாள், "விபீஷணனுக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?" என்று கேட்டாள். கனகா மட்டும் பயந்து போய் என் காதில் சொன்னாள்: "அக்கா, அவரு ஒரு வாட்டிகூட ஐயய்யோன்னு சொல்லலியே."

அடுத்து அந்தக் குரல் எங்கள் தலைக்கு மேலே தொண்டையைக் கனைத்தது. ராமர் தமிழ் பேச ஆரம்பித்தார்.

"சீதா, நல்லா கீறியாம்மா? சாப்டியா? எளைச்சுப் பூட்டியே."

கொட்டகை குலுங்கிச் சிரித்தது. ராமர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நிற்கிறார், குரல் மட்டும் மர்பி டவுனிலிருந்து வருகிறது. லட்சுமணன் விறகை அடுக்கினான். நெருப்பு மூண்டது, கலரில், திரை முழுக்க. சீதை அதை நோக்கி நடந்தாள். ஐயய்யோ இந்தக் கட்டங்களை ஐந்து தடவை பார்த்தவர்தான், ஆனால் அசையாத பிலிமில், நெருப்பு எரிந்து பார்க்கவில்லை.

"ஐயய்யோ! வேணாம்மா! நெருப்பும்மா! ஊரு இன்னா சொன்னா நமக்கு இன்னா? நீ வா, நாம வூட்டுக்குப் போலாம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை மடக்கிக்கொண்டார்கள். என்னைச் சுற்றி ஒவ்வொரு முந்தானையும் கண்ணுக்குப் போனது. கனகா அழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீதை என்னவோ அவர் பேச்சைக் கேட்காமல் இறங்கிவிட்டாள். நெருப்பிலிருந்து முழுசாக வெளியே வந்தபோது மேலே ஒரு "அப்பாடா" கேட்டது. பட்டாபிஷேகம் தொடங்கியதும் ஒலியைத் திரும்ப வைத்தார், நாதஸ்வரத்துக்கு ஏது தமிழும் தெலுங்கும்? கிரீடம் ராமர் தலையில் ஏறிய பிறகுதான் கனகா என் கையை விட்டாள்.

அவர் அன்றே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் சரியான ரீல் வந்தது, புது ஆபரேட்டர் வந்தார், ராமர் சுத்தமான தமிழில் சீதையை நெருப்புக்கு அனுப்பினார். இரண்டாம் தடவை பார்க்க வந்த பெண்கள் என் கவுண்டரை மொய்த்துவிட்டார்கள்.

"ஏம்மா, நேத்து ராமரு எங்க? இந்த ராமரு ஒரு வார்த்தை தடுக்கலியே!"

மேனேஜர் இதைக் காதால் கேட்டார். புது ஆபரேட்டர் வேறு வாளி தடுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மேனேஜரே மர்பி டவுனுக்கு வந்து, "வாய்யா, மேலே போ" என்று அழைத்துப் போனார். "ஐயய்யோ, மூணு நாளா பூட்டை யாரு பாத்தா?" என்பதுதான் அவருடைய பதில்.

கனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிரசவ வார்டு வாசலில் யாரோ இரண்டு மணல் வாளி வைத்துவிட்டுப் போயிருப்பதாக நர்ஸம்மா கத்திக்கொண்டிருந்தார். யார் என்று நான் சொல்லவில்லை.

இப்போதும் அதே கதையை எடுக்கிறார்கள், இன்னும் பெரிய செலவில், இன்னும் பெரிய நெருப்போடு. பேத்திகள் கூட்டிப் போகிறார்கள், நானும் போகிறேன். விறகு அடுக்கும் காட்சி வந்ததும் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் திரும்பி, மேலே ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பார்ப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஐயய்யோ, வேணாம்மா" என்று கேட்டுவிடாதா என்று இருக்கும்.