ஆலாவுக்கு ஒரு பீங்கான் முட்டை

அதிகம் படித்தவர்கள் பதற்றத்தில் செய்யும் தவறே தனி ரகம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் மீனில் சேரும் பாதரசம், அதைத் தின்னும் பறவைகளை என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. உடம்பில் பாதரசம் ஏறிய பறவை ஒழுங்காக அடைகாக்காது. பாதியில் எழுந்து போய்விடும். முட்டையில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க, ஆலா என்ற கடற்பறவையின் கூட்டிலிருந்து ஒரே ஒரு முட்டை எடுக்க எனக்கு அனுமதி கிடைத்தது. பறவைக்குச் சந்தேகம் வராதிருக்க அங்கே ஒரு போலி முட்டையை வைக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் என் மாமாவிடம் ஓடினேன்.

"ஏன் பாப்பா, பறவ போடுற முட்டய நான் போடணுமா?"

"ஆமா மாமா. அசல் மாதிரியே இருக்கணும்." (அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

படத்தைப் பார்த்துப் புள்ளிகூடத் தப்பாமல் செய்துவிட்டார். அத்தை அதை அவிக்க எடுத்துப் போய்விட்டார்!

கடற்கரையில் கூட்டை நெருங்கியதும் ஆலாக்கள் தலைக்கு மேல் பாய்ந்தன. ஒன்று கொத்தியது, இன்னொன்று என் கண்ணாடியிலேயே எச்சமிட்டது. ஒரு கையில் அசல், மறு கையில் போலி. ஒன்றைக் கூட்டில் வைத்துவிட்டு, மற்றதைப் பஞ்சில் பொதிந்துகொண்டு ஓடினேன்.

மறுநாள் எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் பேராசிரியர் முட்டையை உடைக்க மேசையில் தட்டினார். 'டங்' என்றது. மறுபடி தட்டினார். 'டங்.'

"ஏம்மா, இது எந்த ஊர்ப் பறவை?"

"விருத்தாசலம் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆய்வுக்கூடமே சிரித்தது. வெளியே போய் அழுதுகொண்டே மாமாவுக்குப் போன் செய்தேன்.

"அப்போ அசலு அதோட அம்மாகிட்டதான இருக்குது? இதுக்கா அழுவுற?" என்றார் மாமா.

திரும்பப் போனபோது அந்த ஆலா முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி வந்தேன். முட்டைக்குப் பதில் இறகையே சோதிக்கப் பேராசிரியரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இறகுகளில் பாதரசம் இருக்கத்தான் செய்தது. பக்கத்துக் கூடுகள் சிலவற்றில் முட்டைகள் கேட்பாரின்றிக் குளிர்ந்து கிடந்தன. இந்த ஆலா மட்டும் விடாமல் உட்கார்ந்து குஞ்சு பொரித்தது.

செய்தி சொன்ன நாள்முதல், வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா ஆரம்பித்துவிடுவார்:

"கடலோரத்துல எனக்கு ஒரு பேரன் இருக்கான். அவன் வூட்டுப் பக்கம் வராட்டியும் பரவாயில்லீங்க, மீன மட்டும் பாத்துத் தின்னா போதும்."