மூன்று கையெழுத்தில் ஒரு வலிப்பு நோட்டு

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அப்படி எழுதிவிட்டால் அதற்குக் கீழே எழுத வேண்டிய எதையும் எழுத முடியாது. அதனால் இங்கே எல்லோரும் ஓரளவு நலம். அங்கே உங்கள் முழங்கால் முழு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் ஒன்பது நிமிடம் பேசினீர்கள். நான் நான்கு முறை "ம்" என்றேன். "ஏண்டி, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டீர்கள். அதற்கும் ஒரு "ம்" சொன்னதாக ஞாபகம், ஆக ஐந்து. எனக்கு நேரில் பேச வராது, போனில் அதைவிட வராது, எழுத்தில் கொஞ்சம் வரும். "பச்சப் பிள்ளைக்குக் கஞ்சா குடுக்குறீங்களே, குடும்பத்தோட மூளை கழண்டு போச்சா? ஒண்ணாம் தேதி வந்து குழந்தையை என்னோட கூட்டிட்டுப் போறேன். அந்தப் பாட்டில் என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது" என்றீர்கள். அந்த ஐந்து "ம்"களுக்கும் விளக்கம் சொல்லி, தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மருந்தைப் பற்றி. அது கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதுதான், இல்லை என்று நான் மழுப்ப மாட்டேன். ஆனால் போதை தரும் பொருள் வேறாம், இதில் இருக்கும் பொருள் வேறாம். போதைப் பொருளைப் பிரித்துத் தள்ளிவிட்டு, வலிப்பைக் குறைக்கும் பொருளை மட்டும் சுத்தம் செய்து எண்ணெயில் கரைத்துக் கொடுக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லவில்லை. என் தங்கை குட்டிக்கு வந்திருக்கும் மாதிரி அடங்காத வலிப்பில் சிலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை என்றுதான் சொன்னார். மூன்று வகை மாத்திரை தோற்றுப்போன பிறகுதான் இதை எழுதினார். தூக்கம் வரலாம், பசி குறையலாம், ஈரலைப் பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். "மூணு மாசம் பார்ப்போம். வலிப்பு குறைஞ்சிருந்தா தொடரலாம், குறையலைன்னா படிப்படியா நிறுத்திடலாம். குறைஞ்சுதா இல்லையான்னு எனக்கு நோட்டு சொல்லணும்" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். வலிப்பு வந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி இருந்தது என்று மூன்று கட்டம். குட்டியின் மருந்து அந்த மூன்று கட்டத்தில்தான் இருக்கிறது, அத்தை. இதில் நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம்.

பாட்டில் வந்த நாளைச் சொல்கிறேன், அப்போது உங்கள் தம்பி உங்களைவிடக் குறைவாகப் பயப்படவில்லை என்பது தெரியும். மருத்துவமனை மருந்தகத்தில் சீட்டைக் காட்டி, முத்திரை வாங்கி, ரசீது வாங்கி, எல்லோரும் வாங்குவது போலத்தான் வாங்கினார். ஆனால் வெளியே வந்ததும் பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல், யாராவது போலீஸ்காரர் ஏறினால் குனிந்துகொள்ளத் தயாராக நின்றுகொண்டே வந்தார். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, "குழந்தைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் பார்க்கணும்" என்று ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டார். பிறகு ஸ்கூல் கார் சாவியை என்னிடம் கொடுத்து, "நான் என்ன சொல்லிக் கேட்டாலும் குடுக்காதே" என்றார். அப்பா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர், அந்தக் கவலை நியாயம்தான். ஒரு மணி நேரம் நாற்காலியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வித்தியாசமா இருக்கேனா?"

"இல்லப்பா, எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா எப்படி? நல்லா பார்த்துச் சொல்லு."

அம்மா உள்ளேயிருந்து, "எப்பவும் போலன்னா எதுக்கும் உதவாம உட்கார்ந்திருக்கீங்கன்னு அர்த்தம். எழுந்து அந்தத் துணியைக் காயப் போடுங்க" என்றாள். அதோடு பரிசோதனை முடிந்தது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கமிஷன். அவர் பூதக்கண்ணாடியோடு மாடிக்கு வந்து எங்கள் ரோஜாத் தொட்டியை ஓர் இலை விடாமல் பார்த்தார். "செடியெல்லாம் வளர்க்குறீங்க போல" என்றார். "ரோஜா சார்" என்றார் அப்பா. "அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அவர். அவர் போன பிறகு அப்பா ரோஜாத் தொட்டியையே தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான பகுதி. குட்டியைப் பார்த்துக்கொள்வதை நாங்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறோம். அம்மா விடிகாலையில் தொழிற்சாலைக்குப் போய்விடுவாள், அதனால் காலை பத்து மணி வரை அப்பா. அப்பா ஸ்கூலுக்குப் போன பிறகு மூன்று மணி வரை நான். அம்மா வந்த பிறகு மறுநாள் வரை அம்மா. யார் பார்க்கிறார்களோ அவர்தான் நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் எழுதினோம். போன வாரம் டாக்டர் நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்துக்கொண்டே போனவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"காலையில வலிப்பே இல்லை. ஒரு நாள்கூட இல்லை. பக்கத்துல 'நல்ல முன்னேற்றம்'னு இருக்கு. இது யாரு?"

அப்பா கையைத் தூக்கினார்.

"சாயங்காலம் ஆனா எட்டு, ஒன்பது. ஒரு நாள் பதினாலு. 'கண் இமை துடித்தது', 'ஸ்பூன் கை தவறியது', 'கூப்பிட்டு இரண்டு நொடி கழித்துத் திரும்பினாள்'. இது?"

"நான்தான்" என்றாள் அம்மா.

"அப்போ இந்த மருந்து ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்யுதா?"

அத்தை, அவர்கள் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை. அப்பாவுக்கு இருபது வருடமாக ஒரே வேலை, வண்டி கற்றுக்கொள்பவர்களின் அட்டையில் நாள்தோறும் ஒரு வரி எழுதுவது. விளக்குக் கம்பத்தில் மோதியவருக்கும் 'நல்ல முயற்சி' என்று எழுதுவார். மோசம் என்று எழுதினால் அடுத்த நாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நடுங்கும் என்பார். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். சட்டையில் தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டாமல் அனுப்பினால் சட்டை நன்றாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் நினைப்பதில்லை, நீ பார்க்கவில்லை என்பார். அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து குட்டியைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அவரவருக்குத் தெரிந்த முறையில் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மத்தியானக் கணக்குதான் நம்புற மாதிரி இருக்கு. முதல் மாசம் தினம் மூணு நாலு, அப்புறம் ஒண்ணு ரெண்டு, அப்புறம் பதினோரு நாள் எதுவுமே இல்லை. ஆனா பன்னிரண்டாவது நாள் ரெண்டு நிமிஷம் பெரிய வலிப்பு. அதுதான் எனக்கு இடிக்குது. மருந்து பிடிச்சுட்டு அப்புறம் விட்டுடுச்சோ? அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?"

நான் "ம்" என்றேன்.

ஒன்றாம் தேதி முதல் புது நோட்டு, ஒரே ஆள் எழுத வேண்டும், ஒரு மாதம்தான், அதைப் பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வேன் என்றார். மூத்த பெண்ணே எழுதட்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இதை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பன்னிரண்டாவது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு வலிப்பு என்று நான் எழுதிய நேரத்தில் குட்டி தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்து போகும் ஒவ்வொரு முறையும் அவள் கண் திறந்து, "அக்கா, நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்பாள். பதினோரு நாளாக அவள் எங்கேயும் போகவில்லை. அன்று காலை அப்பா சந்தோஷமாக, "இனிமே நீ வீட்டுலயே அடைஞ்சு கிடக்க வேண்டாம், உன்னைப் பரீட்சைக்குப் படிக்கிற வகுப்புல சேர்த்துடலாம், முப்பது பேர் படிக்கிறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது பேர், அத்தை.

நான் பள்ளியை விட்டபோது எல்லோரும் தங்கைக்காகச் செய்த தியாகம் என்றார்கள். நீங்கள்கூட என் தலையைத் தடவினீர்கள். நான் மறுக்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கே எனக்கு வியர்க்கும். குட்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது எனக்கு ஒரு கதவு மாதிரி இருந்தது, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். மருந்து அந்தக் கதவைத் திறக்கிறது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினேன். அது அவள் மருந்தையே நிறுத்திவிடக்கூடும் என்று எழுதும்போது தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதினாலும் அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

இனி நானே ஒழுங்காக எழுதுவேன். அதனால் நீங்கள் வந்து குட்டியை அழைத்துப் போக வேண்டாம். பஸ்ஸில் எட்டு மணி நேரம் உங்கள் முழங்காலுக்கும் நல்லதல்ல. பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தையும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள். அப்பா தன் வணக்கத்தைத் தனியாகச் சொல்லச் சொன்னார், நேரில் சொல்லத்தான் பயமாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இன்று காலை மருத்துவமனைக்கு போன் செய்தேன். டாக்டரிடம் முழு வாக்கியமாக, "பன்னிரண்டாவது நாள் நான் எழுதினது பொய்" என்று சொன்னேன். அவர், "சொன்னது நல்லது. ஆனா இப்போ உன்னையும் எழுத விட முடியாதே? வீட்டுல வேற யாரும் இல்லையா? இந்த மருந்து வேலை செய்யணும்னு ரொம்ப ஆசைப்படாத ஆள் யாராவது?" என்றார். அப்பாவிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா என் தலையில் கை வைத்தார், தியாகத்துக்கு வைத்தது போல இல்லை, வேறு மாதிரி. பிறகு மூன்று பேரும் யோசித்தோம். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா "அக்கா" என்றார், அம்மா "அண்ணி" என்றாள், நான் "அத்தை" என்றேன். நம் குடும்பத்தில் யாரையும் சந்தோஷப்படுத்த முயற்சி செய்யாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் மேலே வர வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள், முழங்காலுக்குச் சொன்னதையும் சேர்த்து. ஒன்றாம் தேதி அவசியம் வாருங்கள். குட்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், ஒரு மாதம் இங்கேயே இருந்து அவளைப் பாருங்கள். அந்த மருந்தைப் பிடிக்காத நீங்கள் உங்கள் கையால் 'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதினால்தான் நாங்கள் எல்லோரும் நம்புவோம்.