எட்வேர்டியன் வீட்டை நான் புதுப்பித்த கதை

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதை நான் சொன்னால் என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே தலையாட்டுவாள்.

எண்பதுகளின் கடைசியில் இல்ஃபோர்டில், சிவம் அண்ணை வீட்டின் பின்னறையில் இருந்தேன். அதற்கு முன் ஜெர்மனியில் கோப்பை கழுவினேன், பாரிஸில் பேப்பர் போட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஓரிடத்தில் கால் நின்றதில்லை. அண்ணை வீட்டை விற்று, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடை எடுக்க இருந்தார். அவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டிலிருந்து விடுதலை. எனக்குக் கடையில் வேலை, மேல்மாடியில் அறை. எல்லாம் வீடு விலைப்படுவதில் தொங்கிக்கொண்டிருந்தது.

விற்பனை ஏஜென்ட் ஒட்டிய விளம்பரத்தில் ‘அழகிய எட்வேர்டியன் வீடு’ என்று இருந்தது.

“அதென்ன அண்ணை, எட்வேர்டியன்?”

“எட்வேர்ட் எண்டு ஒரு ராசா. விக்டோரியா ராணியின்ரை மகன். அவரின்ரை காலத்திலை கட்டின வீடு.”

“அவர் இப்ப இருக்கிறாரோ?”

“விசரா, அவர் செத்து எவ்வளவு காலம்!”

எனக்குத் திக்கென்றது. விற்கிற பொருளைக் கிழடு என்று தாங்களே எழுதி வைப்பார்களா? ஊரில் ஓட்டைச் சைக்கிளை விற்பதென்றாலும் பெயின்ட் அடித்துத்தானே விற்போம்? வெள்ளைக்காரருக்கு வியாபாரம் தெரியாது என்று முடிவுகட்டினேன். (அவர்கள் பாதி உலகத்தை வியாபாரம் செய்தே பிடித்தவர்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

வீடு பிடித்துப்போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அண்ணையும் அவர் மனைவி மலர் அக்காவும் கடை வேலை பழக இரண்டு நாள் முன்னதாகவே தோர்ண்டன் ஹீத்துக்குப் போனார்கள்.

“தம்பி, வீட்டைத் துப்புரவாக்கி வை. அவையள் வாற நேரம் நாங்களும் வந்திடுவம்,” என்றார் அண்ணை.

துப்புரவாக்கினேன். முன்கதவின் வண்ணக் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். நடையில் கறுப்பும் சிவப்புமாய்க் கிடந்த பழைய தரைக்கற்களுக்கு மேல் ரோசாப்பூப் போட்ட லைனோ விரிப்பை ஒட்டினேன். கூடத்தில், பச்சை ஓடு பதித்த கணப்படுப்பு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுத்தியலால் உடைத்தெடுத்து, ஓட்டையைப் பலகையால் மூடி, பலகைக்கும் ரோசாப்பூத் தாள் ஒட்டினேன். இரண்டு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை எல்லோரும் ஒன்றாகவே வாசலுக்கு வந்தார்கள். அந்தப் பெண் கதவைப் பார்த்து நின்றாள். உள்ளே வந்து குனிந்து தரையைப் பார்த்தாள். கூடத்தில் ரோசாப்பூக்களைத் தடவிக்கொண்டு, “கணப்படுப்பு எங்கே?” என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

நெஞ்சை நிமிர்த்தினேன். “நோ எட்வேர்டியன், மேடம்! ஓல் நியூ!”

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்தாள். சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் போல இருவரும் வெளியே போனார்கள்.

“அவையள் வந்ததே அந்த அடுப்புக்கும் கண்ணாடிக்கும்தானடா!” அண்ணை அப்படியே லைனோவில் உட்கார்ந்துவிட்டார். “என்னத்தையடா செய்து வைச்சிருக்கிறாய்?”

“அவனை ஏன் பேசிறியள்?” என்றார் மலர் அக்கா. “துப்புரவாக்கச் சொன்னது நீங்கள்தானே. வீட்டிலை ராசா இருந்த தடயமே இல்லை.”

கடை வேறொருவருக்குப் போயிற்று. அண்ணை ஷிப்டுக்குத் திரும்பினார். நான் பையைக் கட்டியபோது வாசலை மறித்தார். “எங்கை போறாய்? இதைத் திருத்திப்போட்டுப் போ.” பழைய சாமான் விற்கும் இடங்களில் பச்சை ஓடு தேடி லண்டன் முழுக்க அலைந்தேன். கடைசியில் வீட்டை வாங்கியவர் ஹரோவிலிருந்து வந்த ஒரு தமிழர். நான் தேடித் தேடி ஒட்டிய கணப்படுப்பைப் பார்த்து, “இந்தக் குப்பையை உடைச்சுத் தருவியளோ?” என்று கேட்டார். அண்ணை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

இன்று எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு ராசாவோடு தொடர்பில்லை. நான் இன்னும் கைவைக்காத எதுவும் எட்வேர்டியன்தான். தொண்ணூறுகளில் என் கலியாணத்தன்று, மணவறையில் தாலியை எடுத்துத் தந்த ஐயரின் பின்னாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது:

“தம்பி, முடிச்சை மட்டும் போடு. பொம்பிளை எட்வேர்டியன். திருத்தப் போகாதை!”